சிவப்பு மனிதனுக்கு ஒரு செபம்

சிங்கப்பூரின் கிளமெண்டி வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கும் பிள்ளைகளின் தொடக்கப்பள்ளிக்கும் நடுவே ஒரு பெரிய சாலை போகிறது. பேருந்து, லாரி, டாக்சி, சாப்பாடு கொண்டுபோகிறவர்களின் மின்சைக்கிள் என்று காலையில் அங்கே எல்லாருக்கும் தலைபோகிற அவசரம். பாதசாரிகளுக்கான சிக்னல் விளக்கில் சிவப்பு மனிதன் வந்து நின்றால் லேசில் நகரமாட்டான். என் மகள் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த புதிதில் அவன் எங்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தான். அவளால் ஓர் இடத்தில் நிற்க முடியாது. நடைபாதை விளிம்பிலிருந்து ஒரு காலைச் சாலையில் இறக்குவாள், ஏற்றுவாள், மறுபடி இறக்குவாள். பக்கத்தில் நிற்கும் என் மனைவிக்கு உயிர் போய் உயிர் வரும்.

என் மனைவி தாதி. அடம்பிடிக்கிற பெரிய மனிதர்களையே அதட்டாமல் மருந்து குடிக்கவைத்துப் பழகியவள். இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். சாலை ஓரத்துக்கு வந்து பொத்தானை அழுத்தியதும் மகளைக் கைகூப்பச் சொல்வாள். இருவரும் ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரத்தைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள். வீட்டில் செபமாலை சொல்லும்போது சுவரில் சாய்ந்து தூங்கிவழிகிற பிள்ளை, சாலை ஓரத்தில் அத்தனை பக்தியோடு நிற்பதைப் பார்க்க எனக்கே ஆச்சரியமாக இருக்கும். கை கூப்பியிருந்தால் கால் தானாக அடங்கும் என்பது என் மனைவியின் கணக்கு. கணக்கு பலித்தது.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருந்தது. வண்டிகளுக்கான விளக்கு மஞ்சளாவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே என் மனைவி கடைசி வரியை இழுப்பாள், அல்லது விரட்டுவாள். பச்சை மனிதன் வருவதும் ‘ஆமென்’ வருவதும் ஒன்றாக இருக்கும். பிறகு வலது, இடது, மறுபடி வலது பார்த்துவிட்டு இறங்குவார்கள். மாதாவையே சிக்னல் கம்பத்தில் வேலைக்கு வைத்துவிட்டாயே, சம்பளம் உண்டா என்று கிண்டல் செய்வேன். என்னை வைத்தால் முதல் நாளே மருத்துவ விடுப்பு எடுத்துவிடுவேன், அதனால்தான் மாதாவை வைத்தாளாம்.

மகனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே இந்தப் பழக்கம் தெரியும். அக்காவைப் பள்ளியில் விடப் போகும்போது தள்ளுவண்டியில் உட்கார்ந்தபடியே அவனும் கைகூப்புவான். விளக்கு என்று ஒன்று எதிரே எரிகிறது என்பதை அவன் பொருட்படுத்தியதே இல்லை. அம்மா ஆமென் சொன்னால் சாலை திறக்கும், அவ்வளவுதான். பார்க்க அழகாக இருந்ததால் நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம்.

அவன் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த வருடம் என் மனைவிக்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேலை கிடைத்தது. சிறுநீரகப் பிரிவு, இரண்டு வருட ஒப்பந்தம். அவள் வெகுநாளாகக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட வேலை. போகட்டுமா என்று கேட்டாள். தாராளமாகப் போ என்றேன். இரண்டு வருடமெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்றும் பெரிய மனதோடு சொன்னேன். எது ஓடியது? அவள் போன பிறகு கட்டிலில் அவள் பக்கத்துப் பாதியில் மடிக்காத துணிகள் மலையாக ஏறின. மடித்து வைத்தால் அந்த இடம் காலியாகத் தெரியும் என்பதால் நானும் அவசரப்படவில்லை.

பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்தோம். ஆனால் அவளுக்கு வேலை மதியம் தொடங்கி இரவுவரை போகும். பிள்ளைகள் பள்ளி முடிந்து வரும்போது அவள் நோயாளிகளோடு இருப்பாள். அவள் அறைக்குத் திரும்பும்போது பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். மிஞ்சியது காலை மட்டும். காலையில் எங்கள் வீடு சந்தைக்கடை. ஒருவனுக்கு ஒற்றைக் காலுறை கிடைக்காது, ஒருத்திக்கு நான் போடும் பின்னல் பிடிக்காது. இதற்கு நடுவே கைப்பேசியில் யார் யாரோடு பேசுவது? அதனால் நடந்துபோகும்போது பேசுவது என்று வழக்கமானது.

மகள் கைப்பேசியைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நடப்பாள். தம்பி ஒட்டிக்கொண்டு வருவான். பெர்த்தில் ஒரு சின்ன அறையில், தலை வாராமல், கையில் தேநீர்க் கோப்பையோடு அம்மா இருப்பாள். அவளுக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும். காப்பிக்கடையில் கூட்டமா, நான்காம் மாடித் துணிக்கம்புகளில் துணி காய்கிறதா, மேம்பாலத்துக் காகிதப்பூ பூத்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே வருவாள். மகள் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிக் காட்டுவாள். நான் இரண்டு பள்ளிப் பைகளையும் சுமந்துகொண்டு பின்னால் நடப்பேன். மகளின் தோளுக்கு மேலே என் மனைவியின் முகம் ஒரு பிஸ்கட் அளவுக்குத் தெரியும். எனக்கென்று அவள் தனியாக எதுவும் பேச நேரமிருக்காது. அந்தப் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டு நடப்பதே போதும் என்று இருந்தது.

சாலை ஓரத்துக்கு வந்ததும் அவள் அங்கிருந்தே செபத்தைத் தொடங்குவாள். விளக்கு அவளுக்குத் தெரியாது. நான் பின்னாலிருந்து ‘இன்னும் இல்ல, இன்னும் இல்ல’ என்று குரல் கொடுப்பேன். அவள் கடைசி வரியை இழுத்துக்கொண்டே இருப்பாள். ‘இப்போ’ என்பேன், ஆமென் வரும். பக்கத்தில் நிற்கும் சீனப் பெண்களும் மலாய்க்காரத் தாய்மார்களும் எங்களை முதலில் ஒருமாதிரி பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

மகள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலக ஆரம்பித்தாள். பள்ளியிலிருந்து அவள் வகுப்பைச் சாலைப் பாதுகாப்புப் பூங்காவுக்கு அழைத்துப்போயிருந்தார்கள். அங்கே குட்டிச் சாலை, குட்டி சிக்னல் எல்லாம் உண்டு. சில பிள்ளைகள் மிதிவண்டி ஓட்டுவார்கள், சிலர் பாதசாரிகள். பாதசாரியாக நின்ற என் மகள் குட்டிச் சிவப்பு மனிதனைப் பார்த்ததும் கைகூப்பிவிட்டாள். வகுப்பே சிரித்ததாம். அன்றிலிருந்து அவள் கைகூப்புவதில்லை. அம்மா மனம் நோகக்கூடாதே என்று வாயை மட்டும் அசைத்துக்கொண்டு, கண்ணை விளக்கின்மேல் வைத்திருப்பாள். தம்பியோ முழு நம்பிக்கையோடு கண்ணை மூடிக்கொண்டு நிற்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போவோம். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மார்க்கெட்டில் காய்கறி வாங்கிவருவது கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அங்கே நடப்பது தனி வித்தை. கடைகளின் முன்நடைபாதையில் பாதியைக் காய்க்கூடைகளும் மாலைகளும் எடுத்துக்கொள்ளும், மீதியைக் கம்பிகளில் பூட்டிய சைக்கிள்கள் எடுத்துக்கொள்ளும். மனிதர்கள் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். முன்பெல்லாம் என் மனைவி முன்னே, பிள்ளைகள் நடுவே, நான் கடைசியில் என்று ரயில்பெட்டிபோல் போவோம். இப்போது இரண்டு கைக்கும் இரண்டு பிள்ளை. முருங்கைக்காயை எந்தக் கையால் பிடிப்பது? முதுகுப் பையில் செருகிக்கொள்வேன். அது தலைக்கு மேலே கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். காய்கறிக் கடை அக்கா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வீட்டில் எப்போ வர்றாங்க என்று கேட்பார். சீக்கிரம் வந்துடுவாங்க என்பேன். ஒவ்வொரு வாரமும் கேட்பார், ஒவ்வொரு வாரமும் அதையே சொல்வேன். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. ஆனால் வேறு கடைக்குப் போனால் அவளைப் பற்றிக் கேட்க ஆள் இருக்காது.

ஒரு பள்ளிநாள் காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாலையில் ஈரம். வழக்கம்போல் பொத்தானை அழுத்திவிட்டு நின்றோம். செபம் நடந்துகொண்டிருந்தது. கடைசி வரி நெருங்கும்போது நான் ‘இன்னும் இல்ல’ என்றேன். அதே நேரம் சிமெண்டு லாரி ஒன்று எங்களை ஒட்டி இரைந்துகொண்டு போனது. என் குரல் என் மனைவிக்குக் கேட்கவில்லை. இவ்வளவு நேரமாகிவிட்டதே, பச்சை வந்திருக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள். ஆமென் என்றாள்.

மகன் கண்ணைத் திறந்தான், சாலையில் இறங்கினான்.

லாரிக்குப் பின்னால், ஓரத்தை ஒட்டி, ஒரு வயதான சீனர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்புகிறவர், முன்கூடை நிறையக் கீரையும் ரொட்டியும். அவருக்குப் பச்சை, அவர்மேல் ஒரு தவறும் இல்லை. பிரேக்கைப் பிடித்தார், சக்கரம் ஈரத்தில் வழுக்கியது, சைக்கிளோடு சாய்ந்தார். நான் மகனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். அவன் என்மேல் விழ, நான் பள்ளிப் பைகளோடு புல்லில் உட்கார்ந்தேன். மகள் அலறிக்கொண்டே கைப்பேசியைக் கீழே போட்டுவிட்டாள்.

அது புல்லில் குப்புறக் கிடந்தது. என் மனைவிக்குத் திரையில் ஒரே இருட்டு. பிரேக் சத்தம் கேட்டது, இரும்பு சாலையில் விழும் சத்தம் கேட்டது, மகளின் அழுகை கேட்டது, யாரோ சீனத்தில் கத்துவது கேட்டது. மகனின் குரல் மட்டும் கேட்கவில்லை. அவன் திகைத்துப்போய் வாயடைத்து என் மடியில் கிடந்தான். புல்லுக்குள்ளிருந்து அவள் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்கு அது காதில் விழக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. கேட்கத் தைரியமில்லை.

கைப்பேசியை எடுத்து மகனின் முகத்தைக் காட்டினேன். அவள் அழவில்லை. கைகாலை அசைக்கச் சொன்னாள், தலையில் அடிபட்டதா என்று பார்க்கச் சொன்னாள். அடுத்து அந்தப் பெரியவரைக் காட்டச் சொன்னாள். அவர் முழங்காலில் நன்றாகச் சிராய்த்திருந்தது. ஹொக்கியன் சீனத்தில் என் குடும்பத்தை வாங்குவாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் எல்லாம் நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. அந்தக் கோபத்துக்கு நடுவிலும், கைப்பேசியில் ஒரு தாதி கேட்கிறாள் என்றதும் காலைத் தூக்கிக் காட்டினார். தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கழுவச் சொல்லி, நான் கழுவுவதைப் பெர்த்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிதறிய கீரையை மகள் பொறுக்கிக் கூடையில் வைத்தாள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்வரை திட்டினார்.

அப்போதுதான் மகனுக்கு வாய் திறந்தது. குற்றம் சொல்கிற குரல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

“அம்மா ஆமென் சொல்லிட்டாங்கல்ல, அப்பா?”

கைப்பேசி என் கையில்தான் இருந்தது. திரையில் என் மனைவியின் முகம் அசையவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை.

அன்று வேலைக்குப் போகும் வழியில் அவளே கூப்பிட்டாள். இனிமேல் பள்ளிக்குப் போகும் வழியில் வரமாட்டேன் என்றாள். நான் விடவில்லை. செபம் வேண்டாம், சரி. சாலை வரும்போது பேச்சை நிறுத்துவோம், நான் அவன் கையை விடாமல் பிடித்துக்கொள்கிறேன் என்றெல்லாம் வாதாடினேன். பிள்ளைகளுக்காகத்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு அந்தப் பிஸ்கட் முகம் போய்விடுமே என்ற பயம்.

“நான் இருந்தா அவன் என்னைத்தான் பாப்பான். ரோட்டைப் பாக்க மாட்டான்,” என்றாள். “என்னைப் பாக்கவே கூடாதுங்க அவன்.”

மறுநாளிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி, புளோக் கீழ்த்தளத்து பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். முதல் நாளே அவள் மகனிடம் சொல்லிவிட்டாள்: யார் ஆமென் சொன்னாலும் பஸ் நிற்காது, விளக்கைப் பார்க்க வேண்டும், விளக்கு வந்தாலும் சாலையைப் பார்க்க வேண்டும். அவன் தலையாட்டினான். ஆனால் பெஞ்சில் பேச்சு ஓடவில்லை. நடக்கும்போது வாய் ஓயாத பிள்ளைகள் உட்காரவைத்தால் ஊமையாகிவிடுகிறார்கள். ‘சாப்டியா’ ‘ம்’, ‘ஹோம்வொர்க் முடிச்சியா’ ‘ம்’. மகன் புளோக் பூனையைத் தேடிப் போய்விடுவான். பேச்சு வரவர வணக்கமும் டாட்டாவுமாகச் சுருங்கியது. பிறகு கைப்பேசியை அணைத்து என் பையில் போட்டுக்கொண்டு நடப்போம். எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளின் முதுகு மட்டும் போகும்.

அவன் பழக்கத்தை மாற்றுவது எளிதாக இல்லை. சாலை ஓரம் வந்தால் கை தானாகக் கூடும். நான் பிரித்துவிடுவேன். கண்ணைத் திறந்து பார், என்ன நிறம், சத்தமாகச் சொல் என்பேன். ரெட் என்பான், கண்ணில் தண்ணீர் நிற்கும். அம்மாவை விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் அவன் அக்காவிடம் சொல்லியிருக்கிறான். எனக்கு மட்டும் எப்படி இருந்ததாம்?

ஆனால் பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். சில மாதங்களில் அவன் அந்தச் சாலைக்கே அதிகாரியாகிவிட்டான். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு கடக்கிற பெரியவர்களை முறைப்பான். அவன் பிறந்தநாளுக்கு வாங்கிய சைக்கிளை நடைபாதையில் மெதுவாக ஓட்டுவான், கடக்கும் இடம் வந்தால் இறங்கித் தள்ளுவான், கூடவே சைக்கிளில் வரும் நான் இறங்காவிட்டால் எனக்குத் திட்டு விழும். அந்தச் சீனப் பெரியவர் இன்னும் அதே வழியில்தான் வருகிறார். எங்களைத் தூரத்தில் கண்டதுமே மணியடிக்க ஆரம்பித்து, தாண்டிப் போகும்வரை அடிப்பார். மகன் அவருக்கு ராணுவ சல்யூட் வைப்பான். இதையெல்லாம் என் மனைவிக்கு எழுதி அனுப்புவேன். இன்றைக்கு நான் சொல்லாமலே வலது, இடது, வலது பார்த்தான் என்று ஒருநாள் அனுப்பினேன். சந்தோஷம் என்று பதில் வந்தது. அந்த ஒரு சொல்லை நான் பலமுறை படித்தேன். அதில் சந்தோஷமும் இருந்தது, வேறொன்றும் இருந்தது.

இந்த வருடம் பள்ளி நடக்கும் ஒரு வாரத்தில் அவளுக்கு விடுப்புக் கிடைத்தது. வந்த மறுநாள் காலை எங்களுக்கு முன்பே எழுந்து, குளித்து, காலணிகூடப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் சேரப்போகிற பிள்ளை மாதிரி இருக்கிறாயே என்றேன். சிரித்தாள். வழியெல்லாம் காகிதப்பூவையும் காப்பிக்கடையையும் தொட்டுவிடுகிறவள்போல் பார்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஒரே பேச்சு. நான் பின்னால் பைகளோடு நடந்தேன். எனக்கு அன்றைக்கு அந்தப் பைகள் கனக்கவே இல்லை.

சாலை வந்தது. மகன் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினான். சிவப்பு மனிதன் நின்றிருந்தான். என் மனைவிக்குத் தன்னையறியாமல் இரண்டு கையும் பாதி உயர்ந்து, அப்படியே நின்றுவிட்டன. அவள் கொஞ்சம் முன்னே நகர்ந்திருப்பாள்போல. மகன் சட்டென்று கையை நீட்டி அவள் வயிற்றுக்குக் குறுக்கே வைத்தான்.

“அம்மா, ஸ்டாப். இன்னும் ரெட் லா.”

வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் தடுத்திருப்பான். பச்சை வந்தது. அவன் வலது பக்கம் பார்த்தான். இடது பக்கம் பார்த்தான். இடது பக்கம் நின்றது அவன் அம்மா. அவன் கண் அவளிடம் நிற்கவில்லை, அவளைத் தாண்டிச் சாலையின் கோடிவரை போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி வலது பக்கம் திரும்பியது. பிறகு இறங்கி நடந்தான். அவள் அவன் பின்னால் போனாள்.

பள்ளி வாசலில் பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்பினோம். அதே இடத்தில் மறுபடியும் சிவப்பு. நாங்கள் இருவர் மட்டும் நின்றோம்.

“எவ்வளவு நல்லாப் பாக்குறான்,” என்றாள். உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “என்னைப் பாக்கவே இல்லைங்க.”

நீதானே அப்படிக் கேட்டாய் என்றேன். ஆமாம், நான்தான் கேட்டேன் என்றாள். மகன் உயிரோடு, கவனத்தோடு, பத்திரமாக இருக்கிறான். வேண்டியது கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விமானம். ஒப்பந்தம் முடிய இன்னும் பல மாதங்கள் இருந்தன. அவள் போன நாளிலிருந்து எப்படி இருக்கீங்க என்று கேட்கும்போதெல்லாம் நாங்க நல்லா இருக்கோம் என்றே சொல்லிவந்திருக்கிறேன். அது பாதிதான் உண்மை.

“புள்ளைங்க பழகிட்டாங்க,” என்றேன். “எனக்குத்தான் நீ இல்லாம முடியல.”

பச்சை மனிதன் வந்துவிட்டான். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், பிள்ளையைப் பிடிக்கிற அதே பிடி. வலது பக்கம் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். இடது பக்கம் நான் நின்றிருந்தேன். அவள் பார்வை அங்கேயே நின்றுவிட்டது. பச்சை போய் மறுபடியும் சிவப்பு வரும்வரை நாங்கள் சாலையில் இறங்கவில்லை.